டார்ச் மாமா புதைத்த பொட்டலங்கள்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். ஸ்வாமி விளக்கின் முன் சீட்டுக் குலுக்கிப் போட்டும் பார்த்தாயிற்று. ஒரு தரம் 'எழுது' என்று வந்தது, மறுதரம் 'பொறு' என்று வந்தது. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். சமையல் குறிப்பு எழுதினாலே உப்பை விட்டுவிடுவேன். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இருந்தது. எழுதினால் அவர் படிப்பார். படித்தால் வாசலில் வந்து நின்று, "கோமு, மூணாவது பாராவிலே ஒரு பொய் இருக்காக்கும், எடுத்துடு" என்பார். இப்போது அந்தப் பயம் இல்லை. இல்லாததுதான் கஷ்டமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மலையாள ஊரில் தமிழர்கள் கூடி வாழ்கிற எங்கள் வலியசாலைத் தெருவில் இருந்த டார்ச் மாமாவைப் போலச் சந்தேகப்படுகிற மனிதரை பகவான் இன்னொருவரைப் படைக்கவில்லை. படைத்து, இரண்டு பேரையும் எதிர் எதிரே நிறுத்தியிருந்தால், 'நீ முதலில் போ' 'ஏன், பின்னாலிருந்து என்ன செய்யப்போகிறாய்?' என்று கேட்டுக்கொண்டே இரண்டு பேரும் இன்றைக்கும் அங்கேயே நின்றிருப்பார்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தபால்காரர் ஒருவருக்குத்தான் அது தெரியும். மற்ற எல்லோருக்கும் டார்ச் மாமா. கையில் எப்போதும் ஒரு நீள வெள்ளி டார்ச். ராத்திரிக்கு மட்டுமென்றால் யார் பேர் வைக்கப் போகிறார்கள்? இவர் உச்சி வெயிலில் அடிப்பார். பால்காரர் செம்பில் பாலை ஊற்றினால் செம்புக்குள் அடிப்பார். தம்பானூரில் ஆட்டோ ஏறினால் மீட்டருக்கு அடிப்பார். கோவிலில் பிரசாதம் வாங்கினால், ஸ்வாமிக்கு முதுகைக் காட்டாமல் நாலடி பின்னால் நகர்ந்துபோய், இலைக்குள் அடிப்பார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லித் தன் சின்ன டார்ச்சை எடுத்தால், இவர் தன் பெரிய டார்ச்சை எடுத்து டாக்டர் வாயில் அடிப்பார். "அவர் என் வாயைப் பார்க்கலாம், நான் அவர் வாயைப் பார்க்கப்படாதா?" என்பது அவர் நியாயம்.

சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஆடிட் பிரிவில் ஆயுள் முழுக்க மற்றவர்களின் தப்பைத் தேடி ரிட்டயர் ஆனவர். ஆபீஸ் விட்டது, தேடுவது விடவில்லை. மாமி இருந்தவரை அவள் வைத்த ரசத்தில் தேடினார். மாமி போன பிறகு, ஊருக்கு வெளியே ஏரியாய்ப் பரந்து கிடக்கும் வெள்ளாயணிக் காயலுக்குப் போக ஆரம்பித்தார்.

விடிகாலை முதல் பஸ். காயல் கரையில் வரப்பும் தென்னையும் புன்னையுமாக நீளமாக ஒரு நடைபாதை உண்டு. பறவை பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். இவர் போனது பறவை பார்க்க அல்ல. கொக்கின் எண்ணிக்கை குறைகிறது, எவனோ பிடிக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். ஒருத்தனும் அகப்படவில்லை. ஆனால் தினமும் போய்ப் போய் அந்தப் பாதையில் இருக்கிற மரம், கொடி, குஞ்சு, முட்டை எல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. பிறகு பறவைகள் மேலேயே சந்தேகம் திரும்பியது.

"கோமு, அந்த மீன்கொத்தி சரியில்லே."

"ஏன் மாமா?"

"ஒரே கம்பியிலே வந்து உட்கார்ந்துண்டிருக்கு. மீனும் பிடிக்கறதில்லே. என்ன பிளானோ!"

இப்படிப்பட்டவரிடம் எங்கள் தெரு அஸோஸியேஷன் ஒரு புதையல் வேட்டையை ஒப்படைத்தது.

அது பள்ளிக்கூட லீவு சமயம். குழந்தைகள் போனைத் தவிர வேறு எதையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று தாய்மார்கள் எல்லோரும் புலம்பினோம். அஸோஸியேஷன் செக்ரட்டரி பாங்கில் வேலை பார்ப்பவர், புதுமை விரும்பி. "காயல் கரையில் க்ளூ ஒளித்து வைப்போம். ஒன்றைக் கண்டுபிடித்தால் அதில் அடுத்ததற்கு வழி இருக்கும். மரம், பறவை எல்லாம் குழந்தைகள் தெரிந்துகொள்ளும். கடைசியில் ஒரு புதையல்" என்றார். புதையலாக ஒரு சின்ன வெண்கல நிலவிளக்கு என்று தீர்மானமாயிற்று. அந்தப் பாதையைத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அதனால் அவரைக் கேட்டார்கள்.

"செய்யறேன். கண்டிஷன் இருக்கு" என்றார் மாமா. "இடம் நேக்கு மட்டும்தான் தெரியணும். செக்ரட்டரிக்கும் தெரியப்படாது."

"நான் ஏன் மாமா சொல்லப்போறேன்?" என்றார் செக்ரட்டரி.

"ஓய், உம்ம பொண்ணும்தானே விளையாடறா?"

மாமா மேலே மேலே கண்டிஷன் போட்டார். காயல் கரையில் பிளாஸ்டிக் ஒரு துணுக்குக்கூட விழக்கூடாது. காகிதம் உதவாது, பனியில் ஊறிவிடும். க்ளூ தமிழில்தான் இருக்கும். மலையாளத்தில் எழுதினால் வழியோடு போகிறவன் படித்துவிட்டுப் புதையலைக் கொண்டுபோய்விடுவான். நம் குழந்தைகளுக்கே தமிழ் படிக்க வராதே, எல்லாம் மலையாளப் பள்ளிக்கூடமாச்சே என்று யாரோ கேட்டதற்கு, "அம்மாக்கள் எதுக்கு இருக்கேள்?" என்று முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் முழுக்க மாமா வீட்டில் என்ன நடந்தது என்று தெருவுக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும், பக்கத்து வீடு ஆகையால். முதல் நாள், "வாழைச்சருகு இருக்கா?" என்று கேட்டு வாங்கிப்போனார். மறுநாள் மஞ்சள்பொடி. அதற்கு மறுநாள் கோவிலில் இருந்து சிவப்பு நூல் கொண்டுவந்தார். பிறகு எங்கிருந்தோ பனையோலை வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஓலையில் ஆணியால் கீறி, விளக்குக் கரியைத் தடவி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். அரக்கு உருகுகிற வாசனை வேறு.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கூடோத்திரம் என்று ஒன்று உண்டு. ஆகாதவர்கள் வீட்டுக்குக் கெடுதல் வரவேண்டும் என்று மந்திரித்து, அவர்கள் வாசலிலோ மரத்தடியிலோ புதைத்து வைக்கிற பொட்டலம். அதில் ஓலை இருக்கும், மஞ்சள் இருக்கும், சிவப்பு நூல் சுற்றியிருக்கும். நான் என் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு, கண்டதைவிட நன்றாகத் தெரியும்.

என்னவரிடம் சொன்னேன். அவர் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். "மாமாவாவது, கூடோத்திரமாவது! மந்திரம் பலிக்குமான்னு மந்திரவாதி மேலேயே டார்ச் அடிப்பார்" என்று சிரித்துவிட்டுத் தூங்கிப்போனார். நான் பத்மநாபனை வேண்டிக்கொண்டு வாசற்படியில் விபூதியால் ஒரு கோடு போட்டேன். காலையில் பார்த்தால் மாமா குனிந்து அந்தக் கோட்டின் மேல் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"யார் மேலே சந்தேகம், கோமு?"

"எறும்புக்கு, மாமா."

"ம்ம்..." என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எறும்பு விபூதிக்கு நிக்காது. மஞ்சளுக்குத்தான் நிக்கும். அதுக்குத்தானே நான் பொட்டலத்துக்கெல்லாம் மஞ்சள் தடவறேன்!"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மஞ்சள் எறும்புக்கு, வாழைச்சருகு பனிக்கு, ஓலை ஊறாமலிருக்க, சிவப்பு நூல் குழந்தைகள் கண்ணில் பட, அரக்கு எவனும் நடுவில் பிரித்துப் பார்க்காமலிருக்க. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர், பார்க்கிறவர்கள் என்ன சந்தேகப்படுவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் கிளம்பினோம். மாமா விடியுமுன்னே போய்ப் பொட்டலங்களைப் புதைத்துவிட்டு, காயல் கரையில் எங்களுக்காகக் காத்திருந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார். முதல் க்ளூவை அவரே கொடுத்தார். குழந்தைகள் ஓலையைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டின. நான் படித்தேன்.

'தண்ணீரில் கிடந்தும் நனையாத இலை. அதன்மேல் நடக்கிறவனுக்கு விரல் நீளம். அவன் வீட்டுக்கு எதிரே கரையில் ஒருத்தி பூத்து நிற்கிறாள். அவள் காலடியில் தேடு. இதை நீயாகத்தான் கண்டுபிடிக்கிறாயா, யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா?'

"கடைசி வரியும் க்ளூவா?" என்று கேட்டாள் செக்ரட்டரி பெண்.

"இல்லேடி கண்ணு, அது மாமாவோட சுபாவம்" என்றேன்.

தாமரை இலை என்று குழந்தைகளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் தாமரைக் கூட்டமும் தெரிந்தது. நீள விரல்களை வைத்து இலைக்கோழி ஒன்று இலை இலையாக நடந்துகொண்டிருந்தது. எதிரே கரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்த புன்னை. "ஹோ!" என்று குழந்தைகள் ஓடின. ஓடின வேகத்தில் நின்றுவிட்டன.

புன்னை மரத்தடியில் பெரிய கூட்டம். பக்கத்தில் பந்தல். தலையில் பூ வைத்த ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நடுவில் ஓர் அம்மாள், ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆவேசமாக நின்றிருந்தாள். அவள் காலடியில், நாய் பிறாண்டிப்போட்ட மண்ணின் மேல், மாமாவின் பொட்டலம் கிடந்தது.

அவர்கள் பேசியது மலையாளம். நான் நம் பாஷையில் எழுதுகிறேன், வாய்க்குப் பழகிய ஒன்றிரண்டு வார்த்தையை அப்படியே விட்டு.

அந்த அம்மாள் பெயர் சரோஜினி. அன்றைக்கு அவள் பெண் அஞ்சுவுக்கு நிச்சயதார்த்தம். உச்சிக்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். பக்கத்துக் காம்பவுண்டு அவள் தம்பி ராஜனுடையது. இரண்டு காம்பவுண்டுக்கும் எல்லை அந்தப் புன்னை மரம். மரம் யாருக்கு என்று சண்டை போட்டு அக்கா வீடும் தம்பி வீடும் நெடுநாள் பேசாமல் இருந்தார்கள். தாய்மாமன், அதாவது அம்மாவன், முன்னால் நிற்காமல் நிச்சயம் நடக்காது என்று அஞ்சு போய் மாமன் காலைப் பிடித்து, அவரும் அவர் மனைவி இந்திராவும் முந்தின நாள்தான் படியேறியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் எல்லை மரத்தடியில் கூடோத்திரம்!

"எடீ இந்திரே! உறவாட வந்தாயா, குழி தோண்ட வந்தாயா?"

"சேச்சி, எனக்கு ஒன்றும் தெரியாது, சத்தியமாக..."

"யாருக்குத் தெரியும் பின்னே? மரம் நடந்துபோய் வாங்கி வந்ததா? இறங்கு! நீயும் உன் புருஷனும் இறங்குங்கள்!"

ராஜன் தோளில் கிடந்த துண்டை உதறினார். "வா இந்திரே. இனி இந்த வாசலில் நான் மிதித்தால் என் பெயர் ராஜன் இல்லை."

அஞ்சு ஓடிவந்து மாமன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவா, போகாதே. நீ போனால் அவர்களிடம் நான் என்ன சொல்வேன்?" அந்தக் குரலைக் கேட்டு எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். மாமாவின் முகம் மஞ்சள் தடவாமலே மஞ்சளாகியிருந்தது.

மாமாவின் ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. க்ளூவை வைத்தவன் அது தன்னுடையது என்று சொல்லவே கூடாது, ஆட்டம் போய்விடும். அவரே போட்ட சட்டம். அதை அவரே மீறிக்கொண்டு முன்னால் போனார்.

"அது நான் வெச்சதாக்கும்" என்றார்.

கூட்டம் விலகி வழி விட்டது. சரோஜினி மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். நெற்றியில் விபூதி, கையில் பட்டப்பகலில் எரிகிற டார்ச், மார்போடு அணைத்த துணிப்பை.

"இந்தச் சாமி யார்? யார் அனுப்பியது? இவளா?"

"யாரும் அனுப்பலே. இது குழந்தைகள் விளையாட்டு. இதோ வாசிச்சுக் காட்டறேன்." மாமா அரக்கை உடைத்து ஓலையை எடுத்துப் படித்தார். 'தலைகீழாகத் தொங்கித் தூங்குகிற கூட்டம் இருக்கும் மரம்...'

"தலைகீழா!" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் நெஞ்சில் கைவைத்தார். "குடும்பம் தலைகீழாகும் என்றல்லவா எழுதியிருக்கிறான்!"

"வௌவால் ஓய், வௌவால்!" என்று மாமா கத்தினார்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது" என்றாள் சரோஜினி. "நீங்கள் வாய்க்கு வந்ததைப் படிப்பீர்கள். நான் நம்ப வேண்டுமா?"

நான் முன்னால் போய், "சேச்சி, மஞ்சள் என்னோடது. பத்மநாபன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இது விளையாட்டு" என்றேன்.

"ஓஹோ! மஞ்சள் கொடுத்தவளும் வந்துவிட்டாளா?"

நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். ஆனால் மாமாவைப் பார்த்தால், கேட்டேளா, அவர் முகத்தில் கோபமே இல்லை. பெரிய வித்வான் முன்னால் நிற்கிற பாட்டுக்காரனைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். "நீங்க கேக்கறதுதான் சரி. நம்பவே நம்பாதீங்கோ. நானா இருந்தாலும் நம்பமாட்டேன். இந்த ஊரிலே கேள்வி கேக்கத் தெரிஞ்ச ஒருத்தரையாவது பார்த்தேனே!" பிறகு சொன்னார். "இன்னும் ரெண்டு இடத்திலே இதே மாதிரி இருக்கு. ஓலை சொல்ற வழியிலே நீங்களே போய் எடுத்துப் பாருங்கோ. நான் வரலே. உங்க பக்கத்து மனுஷன் யாராவது வாசிக்கட்டும். பொய்யா இருந்தா போலீஸைக் கூப்பிடுங்கோ. அதுவரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

"ஓடிவிட்டால்?"

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு டார்ச்சை அணைத்து, ராஜன் கையில் கொடுத்தார். எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டோம். மாமியின் காரியத்தின்போதுகூட அவர் அதைக் கீழே வைத்ததில்லை.

தமிழ் படிக்க ஆள் பந்தலுக்கு மேலேயே இருந்தார். பந்தல் போடுகிற மாரியப்பன், திருநெல்வேலிப் பக்கம். இரண்டு நாளாக அந்த வீட்டில் சாப்பிடுகிறார், எங்களை முன்பின் தெரியாது. சரோஜினி அவரை இறக்கினாள். "இந்திரே, நீயும் வா. நீ என் கண் முன்னால் நடக்க வேண்டும்" என்றாள். "நான் ஏன் முன்னால் நடக்க? சேச்சி பின்னால் இருந்து எதையாவது போட்டுவிட்டு என் மேல் சொன்னால்?" என்றாள் இந்திரா. கடைசியில் வரப்பில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். வரப்பு ஒருவர் நடக்கிற அகலம்தான், இடித்துக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் மாரியப்பன், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் தெருக் குழந்தைகள். குழந்தைகளுக்கு இதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைப்பு. ஒரே குஷி.

நடுவில் ஈர மண்ணில் சரோஜினிக்குக் கால் வழுக்கியது. இந்திரா சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"விடு."

"விட்டால் காயலுக்குள் போவீர்கள்."

"போனால் உனக்குச் சந்தோஷம்தானே?"

"ஆமாம். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போங்கள். இன்றைக்குப் பெண்ணுக்கு நிச்சயம்."

சரோஜினி கையை உதறவில்லை.

வௌவால் மரம் தூரத்திலேயே நாறியது. பெரிய அயினி மரம், காட்டுப்பலா. கறுப்புத் துணி காயப்போட்டது போலக் கிளை முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள் தொங்கின. வேரிடுக்கில் சிவப்பு நூல் தெரிந்ததும் குழந்தைகள் ஆர்ப்பரித்தன. சரோஜினி தொடமாட்டேன் என்றாள். இந்திராவும் தொடமாட்டேன் என்றாள். மாரியப்பன் அரக்கை உடைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

'வாசலைக் கீழே வைத்து வீடு கட்டுகிறவன் ஊஞ்சலாடும் பனை. அங்கே போ. போய் அண்ணாந்து பார். அண்ணாந்து பார்க்கும்போது பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். பக்கத்தில் நிற்கிறவன் யாரோ, எவனோ!'

வாசித்துவிட்டு மாரியப்பன் என்னைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், சரோஜினியிடம் திரும்பினார். அவருக்கு வராத மலையாளமும் வந்த தமிழும் கலந்து சொன்னார்: "யம்மா, இது கூடோத்திரமில்லம்மா. அந்த அய்யரு நம்மளத்தான் வையுதாரு!"

"என்ன எழுதியிருக்கிறது?"

சொன்னார். சரோஜினியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனாலும் அவள் லேசில் விடுகிறவளா? "கடைசியும் பார்த்துவிடலாம்" என்றாள்.

பனையைத் தேடுவது கஷ்டமாக இல்லை. தூக்கணாங்குருவிக் கூடுகள் ஓலை நுனியெல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தபோது எல்லோரும் அவரவர் பையைப் பிடித்துக்கொண்டோம். சரோஜினி தன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். இந்த முறை பொட்டலத்தை இந்திராவே தோண்டி எடுத்தாள். அதுதான் கடைசி ஓலை. மாரியப்பன் வாசித்தார்.

'ஆக, புதையல் இங்கே இருக்கிறது என்று நம்பி இவ்வளவு தூரம் வந்துவிட்டாய். வெண்கல விளக்கை வெட்டவெளியில் வைத்துவிட்டுப் போக எனக்கென்ன பைத்தியமா? அது என் வீட்டு அலமாரியில், மூன்று பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள். வரும்போது இந்த ஓலையைக் கொண்டு வா. இல்லாவிட்டால் நீதான் கண்டுபிடித்தாய் என்று நான் எப்படி நம்புவது?'

சரோஜினி சிரித்தாள். சும்மாச் சிரிப்பா அது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஈஸ்வரா! குழந்தைகளை வெயிலில் ஓடவிட்டு, விளக்கை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாரே! இந்த மனுஷரா கூடோத்திரம் வைப்பார்? மந்திரவாதியை இவர் வீட்டு வாசல்படி ஏற விடுவாரா?" இந்திராவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"எடீ" என்றாள் சரோஜினி, "பாயசத்துக்குத் தேங்காய் பிழிந்துவிட்டாயா?"

"இரண்டாம் பால் வரை எடுத்தாயிற்று, சேச்சி."

"பின்னே ஏன் இங்கே நிற்கிறாய்? வா, அடுப்பு அணைந்திருக்கும்." இரண்டு பேரும் வரப்பில் ஓடினார்கள். அவர்களுக்குள் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நடக்கவில்லை.

நாங்கள் பந்தலுக்குத் திரும்பியபோது, மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ராஜன் டார்ச்சும் கையுமாகக் காவல். சரோஜினி அந்த டார்ச்சைத் தம்பி கையிலிருந்து வாங்கி, மாமா கையில் வைத்தாள். "அம்மாவன் உள்ளே போய்ப் புது வேஷ்டி கட்டட்டும், வண்டி வருகிற நேரமாயிற்று" என்றாள் பொதுவாக. அஞ்சு மாமன் துண்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். 'என் பெயர் ராஜன் இல்லை' என்று சொன்னவர், யாருக்கு என்ன பெயரோ என்கிற மாதிரி உள்ளே போனார்.

குழந்தைகள் மாமாவைச் சூழ்ந்துகொண்டன. "மாமா, விளக்கு! இப்பவே ஆத்துக்குப் போய் எடுங்கோ!"

"ஆத்திலே இல்லே" என்றார் மாமா.

"அலமாரியிலே மூணு பூட்டுக்குள்ளேன்னு எழுதியிருந்தேளே!"

"எழுதினேன். நீங்க படிச்சுட்டு வழியிலே எவன்கிட்டேயாவது சொன்னா? வீட்டை எப்படி நம்பறது?" துணிப்பையைத் திறந்து, மூன்று துண்டுக்குள் சுற்றிய வெண்கல விளக்கை எடுத்தார். விடியற்காலை முதல் அவர் தோளிலேயே இருந்திருக்கிறது. புதையல் கூடவே நடக்க, நாங்கள் ஊரெல்லாம் தேடியிருக்கிறோம்.

செக்ரட்டரி பெண்ணிடம் நீட்டப்போனவர், பந்தலில் நின்ற அஞ்சுவைப் பார்த்தார். அவள் அழுது வீங்கின கண்ணைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். மாமா குழந்தைகளிடம் குனிந்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியாது. குழந்தைகள் தலையாட்டின. செக்ரட்டரி பெண்தான் விளக்கைக் கொண்டுபோய் அஞ்சுவின் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, பெரிய குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. திரியை ஏற்றியது இந்திரா.

எங்களையும் இலையில் உட்கார வைத்தார்கள். அடைப் பாயசம் வந்தது. மாமாவின் கை பழக்கதோஷத்தில் டார்ச்சுக்குப் போயிற்று. எதிரே சரோஜினி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா டார்ச்சைப் பைக்குள் போட்டுவிட்டு, டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்படி, சாமி?"

"நன்னா இருக்கு" என்றார் மாமா. என் காதில் மட்டும், "வெல்லத்திலே நேக்கு ஒரு சந்தேகம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பல வருஷம் இருந்தார். திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் பொய் எழுத முடியாது. சரோஜினி வருஷா வருஷம் முதல் பலாப்பழம் அனுப்புவாள். மாமா சுளை சுளையாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுப்பார். அஞ்சுவின் குழந்தைக்குச் சோறூட்டலுக்குக் கூப்பிட்டபோது போய்வந்து, "கோமு, அந்தக் குழந்தை என்னையே முறைச்சுப் பார்த்தது. எதையும் நம்பலே. நன்னா வரும்" என்று சந்தோஷப்பட்டார். அவர் போன அன்றைக்கு சரோஜினியும் இந்திராவும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கி, வாசலில் நின்று அழுதார்கள்.

அவர் உயிரோடு இருந்தபோதே ஒரு தரம் கேட்டேன், "மாமா, உங்க புதையல் கதையைப் பத்திரிகைக்கு எழுதட்டுமா?" என்று. "எழுதாதே. நீ ஒண்ணு எழுதுவே, படிக்கிறவன் ஒண்ணு சொல்லுவான், கேக்கறவன் அதுக்கு மேலே ரெண்டு சேர்ப்பான்" என்றார். அப்படியேதான் நடந்திருக்கிறது. சாலைக் கடைத்தெருவில், பொட்டலத்துக்குள் மண்டையோடு இருந்ததாகச் சொல்கிறார்கள். ஸ்ரீவராகத்தில் ஒரு மாமி, புதையல் தங்கக் குடம் என்று என்னிடமே சொன்னாள், நானும் கூட இருந்தேன் என்பது தெரியாமல்.

ஆகையால் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை யாருக்காவது சொல்வதானால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். மண்டையோடு வேண்டாம், தங்கம் வேண்டாம். ஓலை, மஞ்சள், சிவப்பு நூல், ஒரு சின்ன வெண்கல விளக்கு, அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் கரண்டு போனால் இப்போதெல்லாம் நான் உடனே விளக்கேற்றுவதில்லை. பக்கத்து ஜன்னலிலிருந்து அந்த வட்ட வெளிச்சம் வந்து, "யாரது அங்கே?" என்று கேட்காதா என்று கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.